மைக்கை ஆன் பண்ணி விளையாடு, கண்ணு

கோத்தகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணுக்கு, அப்பா எழுதுவது.

ஆபீஸ் நண்பர்களோடு வாலரன்ட் என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டை ஆட ஆரம்பித்திருப்பதாகவும், மைக்கை ஆஃப் பண்ணி வைத்துக்கொண்டே ஆடுவதாகவும் சொன்னாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நடுவில் யாராவது ஜெராக்ஸ் எடுக்க வந்துவிடுவார்கள். எழுதி வைத்தால் ஆட்டத்துக்கு முன்னால் நீ இன்னொரு தடவை படித்துப் பார்க்கலாம்.

நம் பிரவுசிங் சென்டரில் நீ வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் அரவேணு, கட்டபெட்டு பக்கத்துப் பையன்கள் வந்து கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 விளையாடுவார்கள், நீ கல்லா மேஜையில் வீட்டுப்பாடம் எழுதுவாய். 2003-ல் வந்த கேம் அது. மைக் கிடையாது, ஹெட்போன் பாதி வேலை செய்யாது. ஒரே அறைக்குள் கத்துவார்கள். அத்தனை வருஷம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று நான் பார்த்தது ஒன்றுதான். குறி தப்பாமல் சுடும் பையன் எந்தக் குழுவில் இருக்கிறான் என்பதை வைத்து யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவே முடியாது. யார் விடாமல் பேசிக்கொண்டு ஆடுகிறார்களோ, அவர்கள் ஜெயிப்பார்கள். வாலரன்ட்டும் அந்த வழியில் வந்த ஆட்டம்தான். ரயட் கேம்ஸ் 2020 ஜூன் 2-ல் வெளியிட்டது. இப்போது நம் கடையில் தம்பியும் அவன் கூட்டாளிகளும் அதைத்தான் ஆடுகிறார்கள், நானும் ஆடுகிறேன்.

பட்டியலில் எப்போதும் கடைசியில் நிற்கிறேன் என்று வருத்தப்பட்டாய். புதிதாக வந்தவள் அங்கேதான் நிற்பாய், கண்ணு. அதைப் பார்க்காதே. எத்தனை பேரைச் சுட்டாய் என்பதை அந்தப் பட்டியல் எண்ணுகிறது. நீ சொன்ன ஒரு வார்த்தையால் உன் ஆள் தப்பித்தது அதில் ஏறாது. குறி பார்க்கக் கை பழக மாதக்கணக்கில் ஆகும். பேசுவதற்கு இன்று ராத்திரியே உன்னால் முடியும். அதனால்தான் அதிலிருந்து தொடங்கு என்கிறேன்.

எப்படிப் பேசுவது என்று கேட்பாய். மேட்டுப்பாளையம் ரோட்டில் பலாப்பழ சீசனில் நாம் இறங்கும்போது எதிரே ஏறிவரும் டிரைவர் வண்டியை மெதுவாக்கி என்ன சொல்வார்? "குஞ்சப்பனை தாண்டி ரெண்டு யானை நிக்குது, குட்டியோட, இடது பக்கம்." அவ்வளவுதான். தனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்று அவர் சொல்வதில்லை. எங்கே, எத்தனை, எந்தப் பக்கம் போகிறது. நீ சொல்ல வேண்டியதும் அந்த மூன்றுதான். "கராஜில் ரெண்டு பேர், ஒருத்தனுக்கு நல்லா அடி பட்டிருக்கு." "பி பக்கம் காலடிச் சத்தம், ஆளைப் பார்க்கலை." சுடப்பட்டு விழுந்த உடனே "ஐயோ" என்று சொல்லத்தான் வாய் வரும். அந்த ஒரு நொடியில் யார் சுட்டான், எங்கே நின்று சுட்டான் என்பதைச் சொல்லிவிடு. சொன்ன பிறகு அமைதியாக இரு, ஏனென்றால் உயிரோடு இருப்பவர்களுக்குக் காலடிச் சத்தம் கேட்க வேண்டும்.

இடங்களின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். மேலே மூலையில் இருக்கும் சின்ன மேப்பின் பக்கத்தில் நீ நிற்கும் இடத்தின் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்து வாசித்தால் போதும். முதலில் ஹேவன் மேப்பை நன்றாகப் பழகு. பெரும்பாலான மேப்களில், எதிராளி ஸ்பைக் என்ற வெடிகுண்டை வைக்காமல் காக்க வேண்டிய இடம் இரண்டு, ஹேவனில் ஏ, பி, சி என்று மூன்று. காப்பவர்கள் ஐந்து பேர்தான். எங்கேயோ ஓரிடத்தில் ஒருவர் தனியாகத்தான் நிற்க வேண்டும். அந்த ஒருவர் வாயைத் திறக்காவிட்டால் மற்ற நாலு பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆட்டத்தின் உயிர் ஸ்பைக்கில் இருக்கிறது. ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 40 வினாடி. தாக்கும் அணி அதற்குள் ஸ்பைக்கை வைக்க வேண்டும், வைக்க 4 வினாடி ஆகும். வைத்த பிறகு வெடிக்க 45 வினாடி. எதிராளி அதைச் செயலிழக்கச் செய்ய 7 வினாடி வேண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள், பாதி ஆட்டம் புரிந்துவிடும். வைத்து 38 வினாடிக்குள் அவன் வந்து கை வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரவுண்டு உங்களுடையது. ஆகவே ஸ்பைக் வைத்தபின் ஆளைத் தேடிப் போகாதே. புதியவர்கள் எல்லாரும் போகிறார்கள், போய்ச் சாகிறார்கள். ஒளிந்து நின்று காதைத் தீட்டிக்கொள். அவன் கை வைத்தால் சத்தம் கேட்கும். சில பேர் கை வைத்த மாதிரி சத்தம் கொடுத்துவிட்டு எடுத்துவிடுவார்கள், நீ எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. ஆனால் ஒருவன் விடாமல் 3.5 வினாடி பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாகக் கணக்கு. அதன்பின் விட்டுவிட்டு வந்தாலும் மீதி 3.5 வினாடி போதும் அவனுக்கு. அதைக் கேட்ட உடனே "பாதி எடுத்துட்டான்" என்று சொல். அந்த இரண்டு வார்த்தைக்கு ஒரு துப்பாக்கியின் மதிப்பு உண்டு.

இனி, நீ மைக்கை ஏன் ஆஃப் பண்ணினாய் என்பதற்கு வருகிறேன். பெண் குரல் கேட்டதும் எவனோ ஒருவன் கேவலமாகப் பேசினான் என்றாய். சொல்லும்போது உன் குரல் இறங்கியது எனக்குத் தெரிந்தது. உன் மேல் ஒரு தப்பும் இல்லை. அப்படிப்பட்டவனுக்குப் பதில் சொல்லாதே, வாதாடாதே. ஆட்டத்துக்குள்ளேயே அவன் ஒருவனை மட்டும் மியூட் பண்ணலாம், ரிப்போர்ட்டும் பண்ணலாம். இரண்டையும் செய்துவிட்டு மற்றவர்களோடு பேசிக்கொண்டே இரு. அவன் வாயை மூடுவதுதான் நியாயம், நீ ஏன் மூட வேண்டும்? வாலரன்ட்டில் பெண்களுக்கும் பாலினச் சிறுபான்மையினருக்கும் கேம் சேஞ்சர்ஸ் என்று தனிப் போட்டித் தொடரே 2021-லிருந்து நடக்கிறது. 2022-ல் பெர்லினில் நடந்த அதன் உலகப் போட்டியில் ஜி2 கோசன் அணி ஜெயித்தது. அந்த ஆட்டத்தைத் தேடிப் பார். சுடுவதை விடு, அவர்கள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து நகர்வதைக் கவனி.

மைக்குக்கு வி பொத்தான். அதை அழுத்தியிருக்கும்போது மட்டும்தான் டீமுக்கு உன் குரல் போகும், ரூம் சத்தம் கேட்குமே என்று கூச்சப்பட வேண்டாம். பேச வராத நேரத்தில் இசட் பொத்தானை அழுத்தினால் நீ பார்த்த இடத்தில் குறி விழும், எல்லாருக்கும் தெரியும். ஆரம்பத்தில் அதுவும் பேச்சுதான்.

சுடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு எங்கெங்கோ போகும், நின்று சுடு. குறியை எப்போதும் தலை உயரத்தில் வைத்துக்கொண்டு நட. தரையைப் பார்த்து நடந்துவிட்டு ஆளைக் கண்டதும் தூக்கினால் நேரம் போய்விடும். உயிர் 100, முழுக் கவசம் 50. வாண்டல் துப்பாக்கியின் ஒரு குண்டு தலையில் பட்டால் எவ்வளவு தூரமானாலும் 160, ஆள் காலி. அதே குண்டு உடம்பில் பட்டால் 40தான். தலை உயரம் தலை உயரம் என்று நான் ஏன் அடித்துக்கொள்கிறேன் என்பது இப்போது தெரிந்திருக்கும். மவுஸ் வேகத்தைக் குறை. மவுஸின் டிபிஐ அளவு 800 என்றால் கேமுக்குள் சென்சிடிவிட்டியை 0.35 பக்கத்தில் வைத்துப் பார். கை வலிக்கிற மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும். ஒரு பெரிய மவுஸ்பேட் வாங்கிக்கொள். பணம் செலவழிக்க வேண்டியது அதற்கு மட்டும்தான். துப்பாக்கிக்குப் போடும் அலங்கார ஸ்கின்களால் குண்டின் பலம் கூடாது.

கேமுக்குள் இருக்கும் பணம் வேறு கதை, அதில் எல்லாரும் தடுமாறுவார்கள். முதல் ரவுண்டில் ஆளுக்கு 800. ஜெயித்தால் 3000. தோற்றால் 1900, தொடர்ந்து தோற்றால் 2400, 2900 என்று ஏறும். வாண்டல் 2900, முழுக் கவசம் 1000. தோற்ற அணியில் ஒருவர் மட்டும் கையில் இருப்பதை எல்லாம் போட்டுத் துப்பாக்கி வாங்கி, மற்ற நாலு பேரும் பிஸ்டலோடு நின்றால் அந்த ரவுண்டும் போகும், அடுத்ததும் போகும். வாங்குவதற்கு முன் மற்றவர்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, "இந்த ரவுண்டு சேர்த்து வைப்போமா?" என்று கேள். உன்னிடம் அதிகம் இருந்தால் இல்லாதவருக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடு. வீட்டுச் செலவை நீயும் அம்மாவும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பழகியவர்கள், இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேரக்டரில் ஜெட்டைப் பார்த்து ஆசைப்படுவாய், இப்போதைக்கு வேண்டாம். முதலில் உள்ளே பாய்கிறவர்களுக்கானது அது. பிரிம்ஸ்டோன் எடு. கையிலிருக்கும் மேப்பைத் திறந்து புகை எங்கே விழ வேண்டும் என்று வைத்தால் போதும், ஒரே நேரத்தில் மூன்று இடம் வரை மறைக்கலாம். எதிராளி எங்கே நின்று நம்மைப் பார்ப்பான் என்று யோசித்து அந்த இடத்தை மூடு. ஆனால் சொல்லாமல் போடாதே. "மூணு எண்ணிட்டுப் போடறேன், எல்லாரும் வாங்க" என்று சொல்லிப் போடு. சொல்லாமல் போட்ட புகை, உள்ளே போக யாரும் தயாராக இல்லாமலே கலைந்துவிடும். சேஜும் நல்ல தேர்வு, கூட இருப்பவர்களுக்கு உயிர் ஏற்றலாம், சுவர் எழுப்பலாம்.

ஸ்விஃப்ட்ப்ளே என்ற சின்ன ஆட்டத்தில் முதலில் 5 ரவுண்டு ஜெயிப்பவர் வென்றவர், அதையே கொஞ்ச காலம் ஆடு. முழு ஆட்டத்துக்கு 13 ரவுண்டு ஜெயிக்க வேண்டும், நேரம் இழுக்கும். காலையில் ஆபீஸ் இருக்கும்போது அதைத் தொடங்காதே. பாதியில் விட்டுப் போனால் மற்ற நாலு பேரும் மாட்டிக்கொள்வார்கள், தண்டனையும் உண்டு. தரவரிசைக்காக ஆடும் காம்பெடிட்டிவ் 20-ஆவது லெவலில்தான் திறக்கும், அவசரமே இல்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "துப்பாக்கி விளையாட்டைப் போய் பொண்ணுக்குச் சொல்லித் தர்றீங்களே" என்றாள். பூனாவுக்குப் போன நாளிலிருந்து நீ ராத்திரி தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் படுக்கிறாய் என்று அவளே எத்தனை முறை என்னிடம் புலம்பியிருக்கிறாள். இப்போது நாலு பேர் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்களோடு நீ பேச வேண்டும், உன் குரலை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதை அவளிடம் சொன்னேன். "பதினொரு மணிக்கு மேல முழிக்கக் கூடாதுன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மதியம் கடையை மூடிவிடுவேன். தம்பியும் நானும் உன்னோடு ஸ்விஃப்ட்ப்ளேக்கு வருகிறோம். சர்வர் மும்பை என்றே வைத்துக்கொள், உனக்குப் பக்கம். இங்கே மழை பலமாக இருந்தால் கரண்ட் போகும், யுபிஎஸ் தாங்குகிற வரை தாங்கும். நீ பிரிம்ஸ்டோன், நான் சேஜ், முன்னால் போவது தம்பி. புகை எப்போது என்பதை நீதான் எங்களுக்குச் சொல்ல வேண்டும், சனிக்கிழமையே மைக்கைச் சோதித்து வை.

அன்புடன்,
அப்பா