மண்டபம் ஊரில் உதவிய எலக்ட்ரீஷியன் ஐயாவுக்கு நன்றி

தனுஷ்கோடிக்குப் போகும் வழியில், படுக்கையும் சமையல் மேடையும் அமைத்த எங்கள் வேன் மண்டபத்தில் விளக்குகள் அணைந்து நின்றுவிட்டபோது, கேட்காமலேயே வந்து உதவிய எலக்ட்ரீஷியன் ஐயாவுக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்த அவர், எலி கடித்து உறை உரிந்த ஒயர்களில் செம்புக்கம்பி உப்புக்காற்றுப் பட்டுப் பச்சை பூத்திருந்ததைக் காட்டினார். வெறுமனே டேப் சுற்றினால் மீண்டும் பழுதாகும் என்று சொல்லி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கெட்டுப்போன பகுதிகளை வெட்டியெறிந்து, புதிய ஒயர் சேர்த்துப் பற்றவைத்தார். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால் அது எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும் என்றும், வண்டியை நிறுத்திவைக்கும் நாட்களில் அரிசி, கருவாடு எதையும் உள்ளே விடக்கூடாது என்றும், ஒயர் நுழையும் துளைகளைக் கம்பிவலையால் அடைக்க வேண்டும் என்றும் பொறுமையாக எடுத்துரைத்தார். தேநீர் தவிர எதையும் வாங்க ஐயா மறுத்துவிட்டார்; நாங்கள் ஊர் திரும்பியதும் அவர் சொன்னபடியே துளைகளை அடைத்துவிட்டோம்.