கட்டம் கட்டி போட்ட அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல சாமுராய் பத்தி படிக்க வேண்டிய பத்து புத்தகம்னு ரெண்டு பக்கத்துக்கு ஒரு லிஸ்ட் போட்டிருந்தீங்க. சந்தோஷம். ஆனா நடுப்பக்கத்துல செவப்பு கட்டம் கட்டி பெரிய எழுத்துல 'சாமுராயின் வழி சாவில் இருக்கிறது'ன்னு ஒத்த வரிய போட்டீங்க பாருங்க, அதுக்கு முன்னாடியும் ஒண்ணும் இல்ல, பின்னாடியும் ஒண்ணும் இல்ல. நான் ஈரோட்டுல 27 வருஷமா கராத்தே கிளாஸ் நடத்தறவன். எங்கிட்ட வர்ற பத்தாங்கிளாஸ் பையன் ஒருத்தன் அத போட்டோ புடிச்சு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வச்சிட்டான். மறுநாள் காலைல அஞ்சரை மணிக்கு அவங்கம்மா என் வீட்டு கேட்டுல நிக்கறாங்க. "ஏனுங்க மாஸ்டர், இதெல்லாமா அங்க சொல்லித்தர்றீங்க, ரிவிஷன் டெஸ்ட்ல மார்க் வேற கம்மிங்க"ன்னு ஒரே அழுகை. பையன கூப்பிட்டு கேட்டா "வரி மாஸா இருந்துச்சு மாஸ்டர்"ங்கறான். அந்தம்மாவ உக்கார வச்சு டீ குடுத்து நான் சொன்னதத்தான் உங்களுக்கும் சொல்றேன், உங்களுக்கு தெரியாததில்ல, இருந்தாலும்.

அந்த வரி வர்ற ஜப்பானிய புத்தகம் பேரு ஹாகாகுரே, யாமமோட்டோ சுனெடோமோங்கற சாமுராய் சொல்லச்சொல்ல இன்னொருத்தர் எழுதி வச்சது. சுனெடோமோ 1659-ல பொறந்த ஆளு, 1600-ல ஜப்பான்ல நடந்த செகிகஹாராங்கற பெரிய சண்டை முடிஞ்சே அதுக்குள்ள 59 வருஷம் ஆச்சு. வாழ்நாள்ல ஒரு போர்க்களத்தக்கூட பாக்காதவரு. 1700-ல அவரோட எசமான் செத்தப்போ கூடவே சாகணும்னு இருந்தாரு, ஆனா அந்த எசமானே 1661-ல 'எனக்காக எவனும் உடன்சாகக்கூடாது'ன்னு தடை போட்டு வச்சிருந்தாரு, அதனால தலைய மழிச்சுக்கிட்டு துறவியா போயிட்டாரு. அப்படி போன எடத்துல, பழைய காலம் மாதிரி இப்ப இல்லையேன்னு பொலம்பினதுதான் பெரும்பாலும் அதுல இருக்கு. 11 பாகம். அதுல கொட்டாவி வந்தா நாலு பேர் முன்னாடி எப்படி அடக்கறதுன்னு கூட இருக்கு, நெத்திய மேல்நோக்கி தேய்க்கணுமாம். மொகம் வெளுத்து இருந்தா பூசிக்க கன்னத்துக்கு செவப்பு பவுடர் கைவசம் வச்சுக்கணுமாம். இத ஏன் சார் கட்டம் கட்டல? சாவு வரி மட்டும் தனியா பிச்செடுத்தா என்ன ஆகும்னு ஜப்பான்காரனே பாத்துட்டான், போன உலகப்போர் சமயத்துல சின்னப் பசங்கள சாவுக்கு அனுப்ப இதே வரியத்தான் ஓதினாங்க.

லிஸ்ட்ல மொத நம்பர் புஷிடோ. 'ஆயிரம் ஆண்டுகளாக சாமுராய்கள் பின்பற்றிய நூல்'னு கீழ ஒரு குறிப்பு. அய்யா, அத எழுதினது இனாஸோ நிதோபே, அமெரிக்காவுல உடம்பு தேற போயிருந்த எடத்துல, இங்கிலீஷ்ல எழுதினாரு. 1900 வாக்குல பிலடெல்பியாவுல அச்சாச்சு. அவரு கிறிஸ்தவரு, வீட்டம்மா அமெரிக்காக்காரங்க. உங்க ஊர் பள்ளிக்கூடத்துல மதபோதனை இல்லாம ஒழுக்கத்த எப்படி சொல்லித்தர்றீங்கன்னு ஒரு பெல்ஜியம்காரர் கேட்ட கேள்விக்கு பதில் தேடப்போய்தான் எழுதினேன்னு முன்னுரையிலயே சொல்லியிருக்காரு. சாமுராய்ங்க வாள் கட்டிட்டு நடக்கக்கூடாதுன்னு சட்டம் வந்ததே 1876-ல. வாள் போய் 24 வருஷம் கழிச்சு வந்த புத்தகத்த ஆயிரம் வருஷமா எப்படி பின்பற்றினாங்களோ, உங்க கட்டுரையாளர்தான் சொல்லணும். நல்ல புத்தகம்தான், நான் குறை சொல்லல, ஜப்பான்ல அவரு படத்த 5000 யென் நோட்டுல கூட போட்டாங்க. இன்னொண்ணு, ஆரம்பத்துல அவங்க வழிக்கு பேரே 'வில்லும் குதிரையும்'தான், வாள்தான் ஆத்மாங்கறதெல்லாம் பின்னாடி வந்த பேச்சு.

இது மொத தடவையா இருந்தா நானும் விட்டிருப்பேன். மூணு வருஷம் முன்னாடி 'சாமுராய்களின் கலையான கராத்தே'ன்னு எழுதினீங்க. அப்பவே ரிஜிஸ்தர் தபால்ல கடிதம் போட்டேன், ஒப்புகை அட்டை கூட பத்திரமா இருக்கு, கடிதந்தான் அச்சாகல. கராத்தே ஜப்பானுக்கு தெக்க இருக்கற ஒகினாவா தீவோட சொத்து. அது ரியூக்யூன்னு தனி ராஜ்யமா இருந்தப்ப 1609-ல படையெடுத்து அடக்கினவங்களே ஜப்பான்ல சத்சுமாங்கற பகுதியோட சாமுராய்ங்கதான். அடிச்சவன் பேர்ல அடிவாங்கினவன் கலைய எழுதி வச்சா எப்படி? ஒகினாவா கராத்தே மாஸ்டர் ஃபுனாகோஷி டோக்கியோவுக்கு போய் கராத்தேவ செஞ்சு காட்டினது 1922-ல, அப்ப சாமுராய்ங்கற வர்க்கமே கிடையாது. உங்க அந்த கராத்தே கட்டுரைக்கு முந்தின வருஷம், போதிதர்மர் காஞ்சிபுரத்துல இருந்து போய் சீனாவுல ஷாவோலின் மடத்துல சண்டை சொல்லிக்குடுத்தாருன்னு ஒரு கவர் ஸ்டோரி போட்டீங்க. எனக்கும் ஆசைதான், என் கிளாஸ்லயே அவரு படம் மாட்டியிருக்கேன். ஆனா அந்தக் கதைக்கு ஆதாரம்னு காட்டற சீனப் புத்தகம் அவருக்கு ஆயிரம் வருஷம் கழிச்சு 17-ஆம் நூற்றாண்டுல எழுதி அவர் தலைல கட்டினது, இத சீனாக்காரங்களே எப்பவோ சொல்லிட்டாங்க.

அப்புறம் வாள்வீரர் முசாஷி எழுதின 'ஐந்து வளையங்களின் நூல்'. லிஸ்ட்ல அத 'நிர்வாகவியல் நூல்'னு போட்டிருக்கீங்க. 1643-ல குமமோட்டோ பக்கம் ஒரு குகைல உக்காந்து எழுத ஆரம்பிச்சு, 1645-ல சாகறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி முடிச்ச மனுஷன் எம்.பி.ஏ பசங்களுக்காகவா எழுதினாரு? தலைமைத் தச்சன் எந்த மரத்த எங்க வைக்கணும்னு பாக்கற மாதிரி தளபதி ஆள வைக்கணும்னு ஒரு எடத்துல சொல்றாரு, அத புடிச்சுக்கிட்டு தொங்கறாங்க. கைல ஒரு ஆயுதத்து மேல மட்டும் பிரியம் வைக்காதன்னும் சொல்றாரு, என் மாணவங்களுக்கு நான் வருஷாவருஷம் சொல்ற பாடம் அது. இதோட தமிழ் புத்தகம் ஒண்ணு புத்தகத் திருவிழாவுல 180 ரூபா குடுத்து வாங்கினேன். நிலம், நீர், நெருப்பு, காற்று, வெறுமைன்னு அஞ்சு பாகம் இருக்கணும், உள்ள நாலுதான் இருந்துச்சு. காத்த காணோம்! அதுலதான் மத்த பள்ளிக்காரங்கள அவரு கிழிகிழின்னு கிழிக்கறாரு. யாரு மொழிபெயர்த்தது, எதுல இருந்துன்னு ஒரு எழுத்து கெடையாது, யாரப் போய் கேக்கறது? இப்ப உங்க லிஸ்ட்லயும் பத்து புத்தகத்துக்கும் விலை இருக்கு, ஒண்ணுக்கு கூட மொழிபெயர்ப்பாளர் பேர் இல்ல.

பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த இதழ்ல எடமிருந்தா ஒரு மூலைல அந்த பத்து புத்தகத்துக்கும் எழுதின வருஷம், மூலமொழி, மொழிபெயர்த்தவர் பேர் மூணையும் போடுங்க. ஹாகாகுரேக்கு மட்டும் கூட ரெண்டு வரி, அந்தாளு போருக்கே போகலைங்கறத. கட்டம்லாம் வேண்டாம். அந்தம்மாவுக்கு நான் வெட்டிக் குடுத்துக்கறேன்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு கராத்தே மாஸ்டர்

பி.கு: என் சந்தா அடுத்த மாசம் முடியுது. பணம் எடுத்து வச்சாச்சு, இன்னும் அனுப்பல.