ரப்பர் வளையம் தந்த பெரியவருக்கு நன்றி

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலையில், என் தந்தையாரின் பழைய ஒலிம்பஸ் ஓஎம்-1 கேமராவைப் பார்த்ததும் நின்று பேசிய ஐயா, பெயர்கூடச் சொல்லாமல் கூட்டத்தில் கலந்துவிட்ட தங்களுக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கென வடிவமைக்கப்பட்ட அந்தக் கேமராவில், பாதரச பேட்டரி இப்போது கிடைக்காததால் 1.5 வோல்ட் பேட்டரியைப் போடுகிறோம் என்றும், அந்தக் கூடுதல் வோல்ட்டால் கேமராவின் ஒளிமானி வெளிச்சத்தை மிகையாகக் காட்ட, அதை நம்பி ஒளியைக் குறைத்து எடுக்கும் படங்கள் இருண்டுவிடுகின்றன என்றும் விளக்கினீர்கள். காதுகேட்கும் கருவிக்கு மருந்தகங்களில் விற்கும் 675 எண் பேட்டரி ஏறத்தாழ பழைய வோல்ட் அளவையே தரும் என்றதோடு நில்லாமல், அது சிறியதாக இருப்பதால் சுற்றிலும் பொருந்தும்படி இரண்டு ரப்பர் வளையங்களையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள். அந்தப் பேட்டரியின் மேலுள்ள ஒட்டுத்தாளை உரித்தபின் சற்றுக் காற்றுப்பட விட வேண்டும், உரித்துவிட்டால் சில வாரங்களே உழைக்கும் என்றும் எச்சரித்தீர்கள்.

கடைகளில் புதிய கேமரா வாங்கத்தான் சொன்னார்கள். அவர்கள் பிழைப்பு அப்படி. படச்சுருள் பிரியர்கள் சிலர் தமக்குள் கைமாற்றி வருவதால்தான் இத்தகைய நுணுக்கங்கள் இன்னும் பிழைத்திருக்கின்றன. இரண்டாவது வளையத்தை, இதே கேமரா வைத்திருக்கும் பட்டர்வொர்த் நண்பரிடம் கொடுத்துவிட்டேன், ஐயா.