அந்தக் கசற் இன்னும் உன்னிடம் இருக்கிறதா?

அன்பின் மச்சான்,

உன்னுடைய வாட்ஸ்அப் குரல்பதிவுக்குப் பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது, குறை நினைக்காதே. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மழைக்குக் கொஞ்சம் கூடும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் ரொக் பான்ட் வாசித்துப் பழகிய பின்வளவு அறையை இடித்துவிட்டு கம்பஸ் பிள்ளைகளுக்கு போர்டிங் கட்டுகிறார்கள். ஆட்டுக்கொட்டிலும் போய்விட்டது.

சொல்ல வந்தது வேறு. அக்காவின் மகன் என்னுடைய பழைய கித்தாரை எடுத்து, தடித்த கம்பியை அரைச் சுரம் ஏற்றி, நாலாவதை ஒரு சுரம் இறக்கி, இரண்டாவதையும் அரைச் சுரம் முறுக்க அது டப்பென்று அறுந்துவிட்டது. எந்தப் பேயனுடைய சுருதியடா இது என்று கத்தினேன். அமெரிக்கன் ஃபுட்போல் என்றான். பிறகுதான் விளங்கியது, அது ஒரு ரொக் பான்ட்டின் பெயராம்.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் அர்பானா என்ற பல்கலைக்கழக ஊரில் 1997இல் தொடங்கிய மூன்று பெடியள். பேஸுக்குத் தனி ஆள் கிடையாது, ட்ரம்ஸ்காரனே ட்ரம்பெட்டும் ஊதுகிறான். 1999இல் முழுசாக ஒரு இசைத்தட்டு, 2000இல் கலைந்து, 2014இல்தான் திரும்பவும் சேர்ந்தார்கள். பாட்டுக்காரனின் குரல் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, காய்ச்சல்காரன் முனகுவது போல இருக்கிறது. ஆனால் இரண்டு கித்தாரும் வேறு வேறு கணக்கில் ஓடிப்போய் ஓரிடத்தில் வந்து விழும்போது, மச்சான், எனக்கு எங்கள் ட்ரம்ஸ்காரன் இணுவிலானின் ஞாபகம் வந்துவிட்டது.

2005இல் அவனை நாங்கள் என்ன பாடு படுத்தினோம்! தவில் வீட்டுப் பிள்ளை, இரவல் வாங்கிய அரை ட்ரம்ஸ் செற்றில் இருந்துகொண்டு நேர் நாலு தாளத்துக்கு நடுவே ஏழு எண்ணிக்கையைச் செருகுவான். "இது ரொக், கோயில் மேளமில்லை" என்று நீ குச்சியைப் பறித்தாய், நானும் உன் பக்கம்தான் நின்றேன். இருந்த ஒரே கச்சேரியிலும் கரண்ட் போக, பெரியம்மா வீட்டு முற்றத்தில் அவன் மட்டும்தான் இருட்டில் நிறுத்தாமல் அடித்தான். 2006 ஓகஸ்ட்டில் சண்டையால் முகமாலைத் தரைப்பாதை மூடிப்போக, பின்னேரமே ஊரடங்கு, நீ திருகோணமலைக்குக் கப்பல் ஏறினாய், அதோடு பான்ட்டும் சரி.

போன கிழமை மருமகன் இணுவிலானுக்கு அந்தத் தட்டைப் போட்டுக் காட்டினான். தொடையில் தட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "இவங்கள் நேர் நாலில நிக்கமாட்டாங்கள் போல" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இன்னொன்று கேள். அந்தத் தட்டின் அட்டையில் இருப்பது அர்பானாவில் ஒரு சாதாரண மர வீடு, மேல்மாடி யன்னலில் வெளிச்சம். பான்ட்டும் இசைத்தட்டு நிறுவனமும் வேறு சிலரும் சேர்ந்து, இடிபடக்கூடாதென்று 2023இல் அதை விலைக்கே வாங்கிவிட்டார்களாம். எங்கள் அறையின் கூரை ஓடுகளை லான்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போனதை நான் ரோட்டில் நின்று பார்த்தேன்.

கப்பலுக்குப் போகும்போது நீ சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு போனாயே ஒரு கசற், அது இருக்கிறதா? முதல் பக்கம் வேண்டாம், அதில் நீ கத்துவது மட்டும்தான் இருக்கும். இரண்டாம் பக்கத்தில், நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் இணுவிலான் தனியாக அடித்தது பதிவாகியிருக்கிறது. ஆடு கத்துவதும் கேட்கும், வெட்டிவிடாமல் அப்படியே அனுப்பு. அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

உன்
மச்சான்