சத்தியமங்கலத்துல செத்தவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துல பார்த்தேன்

மாப்ள,

எப்படிடா இருக்க? போன்ல பேசிக்கலாம்தான், ஆனா நீ எப்பப் பார்த்தாலும் டூட்டிலயே இருக்கற, வாய்ஸ் மெசேஜ் போட்டா ரெண்டு நாள் கழிச்சுக் கேக்கற, அதான் பழையபடி எழுதிப் போடறேன், நேரம் கெடைக்கறப்ப சித்த நேரம் உக்காந்து படி. இங்க எல்லாரும் சௌக்கியம். என்ற அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் உட மாட்டேங்குது, வைத்தியம் பாக்காத எடமில்ல. மஞ்சள் இந்த வருஷம் பரவால்ல, பெருசா சொல்றக்கு ஒண்ணுமில்ல.

போன வாரம் ஸ்ரீரங்கப்பட்டணம் போயிட்டு வந்தோம். என்ற ஊட்டுக்காரி நிமிஷாம்பாள் கோயிலுக்கு ஏதோ நேர்ந்திருக்கறா, என்னன்னு கேட்டா சொல்லக்கூடாதாமா. ராத்திரி திம்பத்துல வண்டி உட மாட்டாங்கல்ல, அதனால விடியக்காலம் பண்ணாரி செக்போஸ்ட்ல போய் வரிசைல நின்னு, கேட் தொறந்ததும் மேல ஏறினோம். 27 கொண்டை ஊசிலயும் புள்ள "புலி வருமா, புலி வருமா"ன்னு கேட்டுட்டே வந்தா. ஒரு கொரங்கு பார்த்தோம், அவ்ளோதான். சாம்ராஜ்நகர்ல ஒரு இட்லி, அப்பறம் மைசூர்ல டிராபிக்ல மாட்டி, போய்ச் சேர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

கோயில் முடிஞ்சு வெளிய வந்தா கும்பஸ் பக்கத்துலயேதான் இருக்குன்னாங்க. திப்பு சமாதி. அப்பா ஹைதர் அலி 1782ல செத்தப்ப அவருக்காகத் திப்பு கட்டினது, அம்மாவையும் அங்கயே வெச்சாங்க, கடைசில தானும் அங்கயே போய்ப் படுத்துட்டார். ராஜா சமாதின்னா டிக்கெட், கூட்டம், செல்ஃபின்னு இருக்கும்னு சும்மாதான் போனேன்டா. சுத்தியும் வராண்டால 36 தூணு, எல்லாம் கருங்கல்லு, நம்மூட்டு ஆட்டாங்கல்லு மாதிரி சொரசொரன்னு இல்ல, பக்கத்துல போனா மூஞ்சி தெரியுது. கதவுல தந்தம் பதிச்சிருக்கு, ஆனா அது பழைய கதவு இல்லியாம், இங்கிலீஷ்காரங்க கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி குடுத்ததாம். கோட்டையைப் புடிச்சது அவங்க, கதவு குடுத்ததும் அவங்க! உள்ள போனா செவுரு பூராம் புலிக்கோடு. புள்ளைக்கு ஒரே குஷி, "அப்பா, புலி இங்க இருக்குது"ன்னு கத்திட்டா, அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. நடுவுல ஹைதர், அக்கட்டால இக்கட்டால அம்மாவும் திப்புவும். திப்பு 1799 மே 4ல சண்டைல குண்டடி பட்டுச் செத்தாரு, மறுநா பொழுதோட அடக்கம், அன்னிக்கு ராத்திரி அடிச்ச இடி மின்னல்ல இங்கிலீஷ்காரன் முகாம்லயே ரெண்டு ஆபீசருங்க செத்துப் போனாங்களாம். அதைச் சொல்லறப்ப கைடுக்கு மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம், என்னமோ இவரே இடியை இறக்கின மாதிரி.

அதுக்குமேல அவன் பழமை ஓயல. நான் மெதுவா நழுவி வெளிய மேடைக்கு வந்துட்டேன். உனக்கு எழுதோணும்னு தோணினது இந்த மேடையைப் பத்தித்தான்.

மேடை பூராம் கபருங்கடா, பொதைச்ச எடத்துச் சமாதிங்க. சொந்தக்காரங்க, தளபதிங்க, கொழந்தைங்க. உள்ள நிக்கற கூட்டத்துல பத்துல ஒருத்தன்கூட இங்க நின்னு பார்க்கறதில்ல, செருப்புப் போடற அவசரத்துல தாண்டிப் போறாங்க. அங்க கூட்டிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் எந்த ஊருன்னு கன்னடத்துல கேட்டார், எனக்குத்தான் நம்ம மலைச் சந்தைக் கன்னடம் வருமே, சத்தியமங்கலம்னேன். சீமாறைக் கீழ போட்டுட்டு என்ற கையைப் புடிச்சு கூட்டிட்டுப் போயி ஒரு கபரைக் காட்டி, "உங்க ஊர்ல செத்தவர்"ங்கறார்.

புர்ஹானுதீன். திப்புவோட மச்சான், சம்சாரம் ருக்கையா பானு கூடப் பொறந்தவர். அந்தம்மா கபரும் அங்கயேதான் இருக்குது. 1790 செப்டம்பர்ல கஜலட்டி கணவாய் எறங்கி திப்பு படை வந்து, நம்ம சத்தியமங்கலத்துல இங்கிலீஷ்காரன் கர்னல் ஃப்ளாய்ட் படையோட மோதுச்சு. ஃப்ளாய்ட் பீரங்கி சிலதை உட்டுட்டு தெக்கால ஓடினான், ஜெயிச்சது திப்புதான், ஆனா மச்சான் போயிட்டான். இங்கிருந்து காடு மலை தாண்டி அங்க கொண்டுட்டுப் போயி அடக்கம் பண்ணிருக்காங்க பாரு! நீயும் நானும் பவானி ஆத்துல குதிச்சு வெளையாடின ஊர்ல ஒருத்தன் சண்டைல செத்து, அவன் பேரே தெரியாம நாப்பது வருஷத்தை ஓட்டிட்டோம். பள்ளிக்கோடத்துல சின்னமலை கதை மட்டும் சொல்லிக் குடுத்தாங்க. மைசூருக்குப் போற வரிப்பணத்தைப் பறிச்சு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல சின்னமலை பறிச்சான்னு போய்ச் சொல்லு"ன்னதா சொல்லுவாங்களே, அதே ஆளுதான் பின்னாடி திப்பு பக்கம் நின்னு சண்டை போட்டாரு. மனுசங்க உறவு அப்பவும் இப்படித்தான் போல, இன்னிக்கு வரப்புச் சண்டை, நாளைக்கு ஒட்டுக்கா கெடாவெட்டு.

பெரியவர் இன்னொண்ணு சொன்னார். ஆம்பளை கபருன்னா மேல எழுதுகோல் டப்பா மாதிரி ஒரு மேடு இருக்குமாம், பொம்பளைன்னா பலகை மாதிரி தட்டையாம். அப்பறம் பார்த்தா எல்லாமே வடக்கு தெக்கா கெடக்குது, வடக்க தலை வெச்சு, மூஞ்சி மேக்கால. எங்க அம்மாயி "வடக்க தலை வெச்சுப் படுக்காதடா"ன்னு அடிக்காத கொறையா வளர்த்துச்சு. "மெக்கா இங்கிருந்து மேக்கதான, அதான்"னார் பெரியவர், நான் என்னமோ பெரிய ஆராய்ச்சி பண்ற மாதிரி தலையை ஆட்டினேன். அக்கட்டால ஒரு வரிசைல பேரே இல்ல. இது யாருன்னு கேட்டேன். கையை விரிச்சுட்டு சீமாறை எடுத்துட்டுப் போயிட்டார்.

அந்த பேர் இல்லாத வரிசையைப் பார்த்ததுல இருந்து எனக்கு உங்க அத்தா நெனப்புதான்டா. ஊட்டுக்காரி கார்ல என்ன யோசனைன்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னுட்டேன். அத்தாவை அடக்கம் பண்றப்ப உனக்கு லீவு குடுக்காம நீ வீடியோ கால்ல பார்த்துட்டிருந்த அன்னிக்கு, நான் மூணு கைப்புடி மண்ணு போட்டுட்டு வந்தவன், அப்பறம் ஒருக்கா கூட அந்தப் பக்கம் போகல. வழில பார்த்தா தாண்டிப் போயிருவேன். ராஜாவோட மச்சானைப் பார்க்க மைசூர் வரைக்கும் போகத் தெரியுது.

வந்த மறுநாள் காலைல அத்தாவைப் பொதைச்ச மையவாடிக்குப் போனேன். பள்ளிவாசல் மோதினார்தான் கேட் தொறந்து உட்டார். பூரா நெருஞ்சியும் தும்பையும் மண்டிக் கெடக்குது, ஓரத்து வேப்பமரம் நல்லா பெருசாயிடுச்சு. அத்தா எடம் எனக்கு மறக்கல, மரத்துல இருந்து மூணாவது. ஆனா ஐப்பசி மழைல மண்ணு எறங்கி தலைமாட்டு மீசான் கல்லு ஒரு பக்கமா சாஞ்சு கெடக்குது. நான் நிமுத்தலாம்னு கையை வெச்சேன், அப்பறம் வேணாம்னு எடுத்துட்டேன், நம்மளா செய்யறது சரியா தப்பான்னு தெரியல. மோதினார் "பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, மண்ணு போட்டு நிமுத்திடலாம்"னார். நெருஞ்சியை மட்டும் புடுங்கிட்டு வந்தேன், விரல் பூராம் முள்ளு, டைப் பண்றப்ப இப்பவும் சுருக்குங்குது. உங்கம்மாகிட்ட இன்னும் சொல்லல, வருத்தப்படுவாங்க.

நீ ஒண்ணு சொல்லு. கல்லை நிமுத்தி மண்ணு மட்டும் போட்டாப் போதுமா, இல்ல பேரும் வருஷமும் எழுதோணுமா? உங்கள்ல சில பேர் எழுத வேண்டாம்பாங்க, அத்தா என்ன நெனச்சிருப்பார்னு உனக்குத்தான் தெரியும். எழுதறதுன்னா தமிழ்லயா அரபிலயான்னும் சொல்லிடு, கல்லு வேலைக்காரன் நம்ம தெரிஞ்சவன்தான், புதன்கெழமை வர்றேன்னிருக்கான். காசைப் பத்தி மட்டும் பேசிராத, அப்பறம் எனக்குக் கெட்ட கோவம் வரும்.

வியாழக்கெழமைக்குள்ள பதில் போடு.

உன்ற மச்சான்