பம்பும் ஒரு வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், "இன்ஹேலர் பழகிவிட்டால் பிறகு விடவே முடியாது" என்று போகிற போக்கில் ஒரு வரி. அன்று சாயங்காலமே என் நாத்தனார் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். கீழே, "நான் அப்பவே சொன்னேன்ல?"

சொன்னார்தான். என் மகளுக்கு எட்டு வயதில் ஆஸ்துமா வீசிங் வந்ததிலிருந்து சொல்லாதவர் யார்? தூதுவளை, ஆடாதோடை எல்லாம் ஆயிற்று. மிருகசீரிஷத்துக்கு ஐதராபாத் போய், உயிர் மீன் வாயில் வைத்து விழுங்கத் தரும் மீன் மருந்தும் வாங்கினோம். நாங்கள் சைவம் என்பதால் வெல்லத்தில் வைத்துக் கொடுத்தார்கள். அந்த மாதமும் மூன்று ராத்திரி ஆஸ்பத்திரியில்தான்.

ஏழாம் வகுப்பில் ஒரு டீச்சர், "சின்னப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று அவளுடைய இன்ஹேலர் பம்பை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். விளையாட்டு பீரியட் முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை மாடிப்படியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்க, "அம்மா" என்பதையே இரண்டாகப் பிரித்துச் சொன்னாள். சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார்.

தங்களுக்குத் தெரியாததில்லை. உடனே மூச்சைத் தளர்த்தும் பம்பு வேறு, மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைக் குறைக்க தினமும் போடும் பம்பு வேறு. "பழகிவிடும்" என்று பயந்து நம் ஜனங்கள் முதலில் நிறுத்துவது இரண்டாவதைத்தான். முதலாவதை மட்டும் நம்பியிருப்பதுதான் ஆபத்து. பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் அப்படி இருக்கக் கூடாது என்று 'ஜினா' என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019-லேயே சொல்லிவிட்டது. அந்த இரண்டாவது பம்பில் இருப்பது ஸ்டீராய்டு என்றதும் அலறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு பஃப்பில் 100, 200 மைக்ரோகிராம். 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றில் 5,000.

போகிப் புகைக்கும் தீபாவளிப் புகைக்கும் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்காரும் வீடுகளைப் பற்றித் தாங்கள் ஒரு பத்தி எழுதி நான் பார்த்ததில்லை. முடி உதிர்வுக்குச் சின்ன வெங்காயம் மட்டும் வருடத்துக்கு மூன்று முறை வருகிறது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் ஒரு திருத்தம். இடமிருந்தால், பம்பைக் குலுக்கி, ஸ்பேசர் என்ற மருந்து இழுக்கும் குடுவையில் மாட்டி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, பிறகு வாய் கொப்பளிப்பதை ஒரு படமாகப் போடுங்கள். நாத்தனாருக்கு நானே படம் பிடித்து அனுப்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இருபது வருட வாசகி,
கும்பகோணம்.