வடக்கு, கிழக்குப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் மூதவைகளுக்கும் (செனற் சபைகளுக்கும்) ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரியீர்,

யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, வவுனியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களும் இணைந்து, அரசின் கொள்கைகள் பற்றி ஒரே குரலில் பேசவல்ல ஆய்வுக் கூட்டணி ஒன்றை அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பிரித்தானியாவில் 1994இல் 17 பல்கலைக்கழகங்களோடு தொடங்கிய ரசல் குழுமத்தில் இன்று 24 உறுப்பினர்கள் உள்ளனர். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிற்றுக்குப் பின், அவ்வொன்றியத்தின் 'ஹொரைசன் யூரோப்' ஆய்வுத் திட்டத்துக்கு வெளியே நின்ற அந்நாடு 2024 சனவரியில் அதில் இணைந்ததற்கு, அக்குழுமம் விடாது கொடுத்த அழுத்தமும் ஒரு காரணம். ஆனால் ஆய்வு நிதியின் பெரும்பங்கு அப்பெரிய பல்கலைக்கழகங்களுக்கே போகிறது என்ற குறையும் அங்கே உண்டு. அது நியாயமான குறைதான். நமக்குப் பொருந்தும் முன்மாதிரி, 2015இல் டக்காரில் தொடங்கப்பட்ட ஆபிரிக்க ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் கூட்டணி என்பேன். அதில் நீர், காலநிலை, உணவு என ஒவ்வொரு துறைக்கும் ஒரு பல்கலைக்கழகம் தலைமை ஏற்க, ஏனையவை அதனோடு சேர்ந்து உழைக்கின்றன.

நாம் தொடங்க வேண்டிய இடம் நிலத்தடி நீர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைநீரே கிணற்று நீர். வலிகாமத்துச் செம்பாட்டுத் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் பசளை அந்நீரில் நைத்திரேற்றாகக் கலக்கிறது என்பதும், பல கிணறுகளில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்பைத் தாண்டுகிறது என்பதும் உங்கள் ஆய்வாளர்கள் நன்கறிந்தவை. அந்த ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகைகளில் வெளிவருவதோடு நின்றுவிடுகின்றன. தோட்டக்காரரின் கைக்கும் வருவதில்லை, பசளைக் கொள்கை வகுப்பவரின் மேசைக்கும் போவதில்லை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, ஓர் அறிக்கை சொன்னதை இன்னொன்று மறுக்க, அள்ளிய வாளித் தண்ணீரைக் குடிப்பதா ஊற்றுவதா என்று தெரியாமல் சனம் தவித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை அந்த இழுபறி நீண்டது. நான்கு பல்கலைக்கழகங்களும் ஒரே முறையில் பரிசோதித்து, கூட்டாகக் கையொப்பமிட்டு முடிவை வெளியிட்டிருந்தால், அதை ஒதுக்கித் தள்ள எவருக்கும் எளிதாக இருந்திராது.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்தைக்கூட ஆய்வுக்குச் செலவிடாத நாட்டில், தனித்தனியே கேட்பவருக்குக் கிடைப்பது சொற்பமே. ஆனால் கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்களும், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துறைகளும், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துறைகளும் தரவுகளைப் பகிர்ந்துகொள்ள, பெரிய பணம் எதுவும் தேவையில்லை.

ஆகவே, அடுத்த மூதவைக் கூட்டங்களில் இதை நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, நிலத்தடி நீர் பற்றிய முதலாவது கூட்டறிக்கையை அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னரே தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பழைய மாணவர்